காவடிக்கும் காண்டாமிருகத்துக்கும் ஒரே லென்ஸ்: கையைக் கடிக்காத டெலி ஜூம் வாங்குவது எப்படி?

தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையன் கேமராவோடு வந்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். "அங்கிள், இதுல அக்கா எங்க இருக்கான்னு கண்டுபிடிங்க" என்று திரையை நீட்டினான். மஞ்சள் துணி, மயிலிறகு, தேர், எங்கு பார்த்தாலும் தலைகள். அவன் அக்கா முதன்முறையாகக் காவடி எடுத்த நாள் அது. படத்தில் அவள் ஓர் அரிசி மணி அளவுக்கு இருந்தாள். அதுவும் அவன் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

கேமரா கேனன். கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ்தான் கையில் இருந்தது. "300 வாங்கட்டுமா, 600 வாங்கட்டுமா?" என்று கேட்டான். இந்த எண் லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டரில். எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். 18-55 போல இரண்டு எண் இருந்தால் அது ஜூம், பெரிய எண்வரை போனால் டெலி ஜூம். புதிதாக வருகிற எல்லோரும் இந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித் தொடங்கித்தான் கையைச் சுட்டுக்கொண்டேன், அந்தக் கதை கீழே வரும். அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் காலடியை எண்ணுங்கள்

நீங்கள் எடுக்க நினைக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் எந்த லென்ஸையும் பார்க்க வேண்டாம். சாதாரண நடையில் நாலு எட்டு வைத்தால் சுமார் 3 மீட்டர். பையனைக் கோயில் வாசலுக்கு அனுப்பி, அன்று அவன் நின்ற இடத்திலிருந்து ஊர்வலம் போன இடம்வரை நடக்கச் சொன்னேன். நாற்பது எட்டு. அதாவது 30 மீட்டர்.

இப்போது சின்ன வகுத்தல் ஒன்று. கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லுதான் சென்சார். சின்ன சென்சார் உள்ள கேனன் கேமராக்களில் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். லென்ஸின் எண்ணை 22ஆல் வகுங்கள். வருகிற விடையால் தூரத்தை வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று கிடைத்துவிடும். 55ஐ 22ஆல் வகுத்தால் இரண்டரை. 30 மீட்டரை இரண்டரையால் வகுத்தால் 12 மீட்டர். பன்னிரண்டு மீட்டர் அகலக் கூட்டத்தில் அக்கா அரிசி மணியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? அதே இடத்தில் 250 லென்ஸ் என்றால், 250ஐ 22ஆல் வகுக்க 11 சொச்சம். 30ஐ அதனால் வகுத்தால் சுமார் 2.6 மீட்டர். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் காவடியோடு சேர்த்து முழு ஆள் நிறைந்து நிற்பார். நிக்கான், சோனி வைத்திருப்பவர்கள் 22க்குப் பதில் 23.5 போட்டுக்கொள்ளுங்கள்.

இதே கணக்கை ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காட்டுக்கும் போட்டுப் பார்த்தோம். டர்பனுக்கு வடக்கே கிட்டத்தட்ட 280 கிலோமீட்டரில் உள்ள இந்தக் காடு 1895லிருந்து காப்பகம். தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் பூண்டோடு அழியாமல் தப்பியதே இங்கேதான். வளர்ந்த ஒன்று ஏறக்குறைய நாலு மீட்டர் நீளம் இருக்கும். 50 மீட்டர் தூரத்தில் 250 லென்ஸில் நாலரை மீட்டர் அடங்கும். ஆக, மிருகம் படத்தை நிறைத்துவிடும். பெரிய விலங்குகளுக்கு 600 வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வகுத்தலைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பறவை என்றால் கதை வேறு. உம்கேனி ஆற்று முகத்தில், ப்ளூ லகூன் பக்கம், கறுப்பு வெள்ளை மீன்கொத்திகள் பறந்த நிலையிலேயே சிறகடித்து நிற்கும். நீளம் 25 செண்டிமீட்டர். 20 மீட்டரில் 250 லென்ஸில் படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் அது. பறவைதான் என் உயிர் என்கிறவர் கீழே படி 5இல் சொல்லும் எந்த லென்ஸோடும் நீண்ட நாள் திருப்தியாக இருக்கப்போவதில்லை. அவர் காசு சேர்த்து 150-600க்குப் போவது நல்லது. இரண்டு கிலோவை நாள் முழுக்கத் தோளில் தூக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

படி 2: எந்த வெளிச்சத்தில் எடுப்பீர்கள்?

மலிவான டெலி ஜூம்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம்தான். முழுக்க நீட்டினால் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப் 5.6 அல்லது 6.3க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. இங்கே தைப்பூசம் கோடையில் வருவதால் வெளியே இது ஒரு குறையே இல்லை. நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100லேயே 1/800 ஷட்டர், அதாவது நொடியில் 800இல் ஒரு பங்கு நேரம், கிடைக்கும். ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைந்த அடுத்த நிமிடமே அத்தனையும் மாறிவிடும். குழல் விளக்கில் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினாலும் ஷட்டர் 1/60 பக்கம்தான் நிற்கும். ஆடுகிறவரின் கை கால் எல்லாம் இழுபட்டுப் போகும்.

எஃப் 2.8 ஜூம் வாங்கினால் நாலு மடங்கு வெளிச்சம் வரும், உண்மைதான். அதன் விலைக்கு ஒரு பழைய காரின் கதவு நாலையும் மாற்றிவிடலாம். என் யோசனை: உள்ளே எடுக்க 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, கிட்டே போய் நில்லுங்கள். கோயிலில் கிட்டே போக இடம் கிடைக்கும், காண்டாமிருகம்தான் இடம் தராது.

படி 3: நடுக்கம் தடுக்கும் வசதி இல்லாததைத் தொடாதீர்கள்

கேனன் இதை ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ். சோனியில் ஓஎஸ்எஸ். 250 லென்ஸைச் சின்ன சென்சாரில் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் சுமார் 1/400 இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இந்த வசதி இருந்தால் 1/60, 1/80லும் கூர்மையாக வரும். ஆனால் அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும். காவடி ஆடுகிறவரை நிறுத்த 1/500 வேண்டும் என்றால் வேண்டும்தான், அதற்கு எந்த வசதியும் உதவாது.

கேமரா மூட்டையோடு சேர்த்துத் தரப்படும் கேனன் 75-300 லென்ஸில் இது கிடையாது. எண் பெரியதாக இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். நிலையான 250, நடுங்கும் 300ஐ விட மேல். இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் 420-800 லென்ஸும் அப்படித்தான். ஃபோகஸ் முழுக்கக் கையால், 800இல் அப்பர்ச்சர் எஃப் 16. எஃப் 5.6இல் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். நிலாவை எடுக்கலாம், அதுவும் முக்காலியில் வைத்து.

படி 4: பொருந்துமா?

சின்ன சென்சாருக்கென்றே செய்த கேனன் இஎஃப்-எஸ் லென்ஸ், பெரிய சென்சார் எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கேமராவில் மாட்டாது. கண்ணாடி இல்லாத புதிய ஆர் வகைக் கேமராக்களில் பழைய இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்ட அடாப்டர் வேண்டும். அந்தக் காசையும் பட்ஜெட்டில் சேருங்கள். நிக்கானில் இரண்டு குழிகள் உண்டு. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அதனால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. புதிய ஏஎஃப்-பி லென்ஸ்களோ டி3100, டி90 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸே ஆகாது. வாங்குமுன் உங்கள் கேமராவின் பெயரோடு லென்ஸின் பெயரையும் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

படி 5: எதை வாங்கலாம்

கேனன் எஸ்எல்ஆர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 2013இல் வந்தது, எடை 375 கிராம், ஃபோகஸ் வேகமாகவும் சத்தமில்லாமலும் இருக்கும். பெயரின் கடைசியில் எஸ்டிஎம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பழைய வகைகளும் சந்தையில் கிடக்கின்றன. நிக்கான்காரர்களுக்கு ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர், 415 கிராம். விஆர் இல்லாத இரட்டைப் பிறவியும் இதற்கு உண்டு, ஏமாறாதீர்கள். சோனியில் 55-210. கேனன் ஆர் வகை வைத்திருந்து கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஆர்எஃப் 100-400. 635 கிராமுக்கு அவ்வளவு எட்டுகிற லென்ஸ் அபூர்வம். முழுக்க நீட்டினால் எஃப் 8 என்பதால் மாலை மங்கியதும் பையில் வைத்துவிட வேண்டியதுதான்.

படி 6: பழையது வாங்கும்போது

இங்கேதான் நான் அடிபட்டேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் விளம்பரம் பார்த்து 70-300 ஒன்றை வாங்கினேன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கில் பிடித்தபோது உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். பூஞ்சை. டர்பன் கடல் காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் அடைத்து வைத்த லென்ஸுக்கு இது வருவது சகஜம். பழுதுபார்க்கக் கேட்ட கூலி லென்ஸின் விலையைத் தாண்டியது.

அதனால் சின்ன டார்ச், உங்கள் கேமரா, முழு சார்ஜில் பேட்டரி, இவை மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கம் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். அங்கங்கே தூசிப் பொட்டு இருந்தால் பரவாயில்லை. நூல், கிளை, மங்கலான படலம் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் இருந்தால் தெரியும். அப்புறம் கேமராவில் மாட்டி, செங்கல் சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று முழு ஜூமில் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்து எழுந்தது என்று வையுங்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் வியூஃபைண்டரில் காட்சி மிதந்து நிலைபெற வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் முதலில் ஐஎஸ் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டும் மிதக்கவில்லை என்றால் நடுக்கம் தடுக்கும் வசதி செத்துப்போயிருக்கலாம்.

விளம்பரத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று இருந்தால் 'இருக்கிறபடியே எடுத்துக்கொள், பிறகு என்னைக் கேட்காதே' என்று அர்த்தம். கடையில் வாங்கினால் நிலை வேறு: 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து தன் சொந்த லென்ஸை விற்கும் தனியாளுக்கு அது பொருந்தாது. சந்திக்கும் இடம் காவலாளிகள் உள்ள மாலாக, பகல் நேரமாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியையும் கூட்டிப் பாருங்கள், லாபம் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும்.

பையன் கடைசியில் 2,800 ரேண்டுக்கு ஒரு 55-250 எஸ்டிஎம் பிடித்தான். டார்ச் அடித்துப் பார்த்தது அவனுடைய ஆயா. "பூச்சி கூடு ஒண்ணும் இல்ல, எடு" என்றார்.

படி 7: வாங்கிய முதல் வாரம்

முதலில் வீட்டு மதில்மேல் வரும் குரங்குகளை எடுத்துப் பழகுங்கள். ரொட்டிக்காக அவை எப்படியும் வரும். ஷட்டர் முதன்மை முறையில் (ஷட்டரை நீங்கள் வைக்க, அப்பர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) 1/500 வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள். நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணைக் குறிபாருங்கள்.

காட்டுக்குப் போகிறவர்கள் பழைய ஜீன்ஸின் காலை வெட்டி, அரிசியோ பீன்ஸோ நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். கார் ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அதன்மேல் சாய்த்தால் முக்காலியே தேவையில்லை. எஞ்சினை அணைத்துவிடுங்கள், அந்த அதிர்வு படத்தில் தெரியும். நண்பகலில் தூரத்து விலங்குகளை எடுத்துப் படம் மங்கினால் லென்ஸைத் திட்டாதீர்கள், தரையிலிருந்து எழும் கானல்தான் காரணம். காலை ஆறு மணிக்கு அதே லென்ஸ் வேறு மாதிரி வேலை செய்யும்.

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் சற்றே ஈரமான துணியால் வெளிப்பக்கத்து உப்பைத் துடைத்து, காயவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். காற்றுப் புகாத முறுக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டால் பூஞ்சைக்கு வேலையில்லை. அரிசியில் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம், அதன் மாவு ஜூம் வளையத்துக்குள் போய்விடும்.