மில்லா, எம்.ஓ.ஏ.வா? ஸ்கோப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தொலைதூர இலக்குச் சுடுதலுக்குத் துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப் வாங்கப் போனால் முதலில் தலையைச் சுற்றவைக்கும் கேள்வி, அதன் அளவு அலகு மில்லா எம்.ஓ.ஏ.வா என்பதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது அதிகத் துல்லியம் என்ற சண்டைக்குள் போகாதீர்கள். உங்களோடு சுடுகிறவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள், அப்புறம் கண்ணாடிக்குள் தெரியும் ரெட்டிக்கிளும் (குறிவைக்கும் கோடுகள்) வெளியே திருகும் டரட்டும் (குறியை நகர்த்தும் குமிழ்) ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

இரண்டுமே கோணங்கள்தான். ஒரு பாகையை 60 ஆகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்), அதாவது முழு வட்டத்துக்கு 21,600. 100 கெஜம் தள்ளி அது 1.047 அங்குல அகலம் பிடிக்கும். மில் என்பது மில்லிரேடியன்: தூரம் எவ்வளவோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1000 மீட்டரில் 1 மீட்டர், 1000 கெஜத்தில் 1 கெஜம், 1000 முழத்தில் 1 முழம். அதனால் "மீட்டரில் நினைக்கிறவர்களுக்கு மில், அங்குலக்காரர்களுக்கு எம்.ஓ.ஏ." என்று யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். ஒரு மில் 3.438 எம்.ஓ.ஏ., அவ்வளவுதான் உறவு.

சரி, டரட்டைத் திருகும்போது விழும் ஒவ்வொரு படியான க்ளிக்குக்கு வருவோம், ஏனென்றால் கையில் படுவது அதுதான். எம்.ஓ.ஏ. டரட் பெரும்பாலும் ஒரு க்ளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. நகரும், மில் டரட் 0.1 மில் நகரும். 100 கெஜத்தில் முன்னது 0.26 அங்குலம், பின்னது 0.36 அங்குலம். ஆக எம்.ஓ.ஏ. கொஞ்சம் நுணுக்கம்தான், மறுக்கவில்லை, ஆனால் 1000 கெஜத்தில்கூட ஒரு க்ளிக்குக்கு வித்தியாசம் ஒரு அங்குலம், அந்தத் தூரத்தில் காற்றைத் தவறாகக் கணித்தால் போகிற அடிக்கணக்கோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு? விதிவிலக்கு எஃப்-கிளாஸ் (படுத்தபடி தொலைதூர வளைய இலக்கைச் சுடுவது) மாதிரியான போட்டிகள். அங்கே இலக்கின் வளையங்களே எம்.ஓ.ஏ. கணக்கில் வரைந்தவை, பலர் அரைக்கால் எம்.ஓ.ஏ. க்ளிக் உள்ள ஸ்கோப் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யோசிக்காமல் எம்.ஓ.ஏ. எடுங்கள். வெவ்வேறு நிலைகளில் நேரக் கட்டுப்பாட்டோடு சுடும், அமெரிக்காவின் பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) வகைப் போட்டிகளில் நிலைமை தலைகீழ், மில்தான் பேச்சுமொழி.

பேச்சுமொழி என்பதைச் சும்மா சொல்லவில்லை. பக்கத்தில் தொலைநோக்கியோடு இருப்பவர் "இடப்பக்கம் 0.4" என்று கத்தும்போது நீங்கள் மனதுக்குள் 3.438ஆல் பெருக்கிக்கொண்டிருந்தால் காற்று மாறிவிடும். எண்களும் மில்லில் சின்னவை. 175 கிரெய்ன் எடையுள்ள .308 தோட்டாவை 100 கெஜத்தில் ஸீரோ செய்துவிட்டு (குறிவைத்த இடத்திலேயே விழும்படி சரிசெய்துவிட்டு) 600 கெஜத்துக்குப் போனால் ஏற்ற வேண்டியது கிட்டத்தட்ட 4.5 மில், எம்.ஓ.ஏ.வில் அதுவே பதினைந்தரை. க்ளிக் கணக்கில் மில்லுக்கு 45, எம்.ஓ.ஏ.வுக்கு 62. நினைவில் வைக்கவும் வாயால் சொல்லவும் முதலாவது எளிது என்பது என் கட்சி.

மில் ரெட்டிக்கிளும் எம்.ஓ.ஏ. டரட்டும் சேர்ந்த கலப்பட ஸ்கோப்புகள் பழைய மாடல்களில் நிறைய உண்டு, செகண்ட் ஹேண்டில் மலிவாகவும் வரும். வேண்டாம். ஒரே அலகாக இருந்தால் தவறிய குண்டு விழுந்த இடத்தை ரெட்டிக்கிளில் அளந்து, 0.7 கீழே என்றால் 0.7 மேலே திருகிவிட்டு அடுத்ததைச் சுடலாம். அங்குலமும் தேவையில்லை, சென்டிமீட்டரும் தேவையில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் அங்குலத்துக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தில்தான் குழம்புகிறார்கள்.

ரெட்டிக்கிளை வைத்துத் தூரம் கணிப்பதிலும் மில் லேசு: இலக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, 1000ஆல் பெருக்கி, அது பிடிக்கும் மில்லால் வகுத்தால் தூரம் மீட்டரில். அரை மீட்டர் தகடு 1 மில் என்றால் 500 மீட்டர். எம்.ஓ.ஏ.வில் அங்குலத்தை 95.5ஆல் பெருக்கி, அது பிடிக்கும் எம்.ஓ.ஏ.வால் வகுத்தால் கெஜம் வரும். லேசர் தூரமானி வந்த பிறகு இதற்கு யாரும் அதிகம் மெனக்கெடுவதில்லை. செகண்ட் ஃபோகல் பிளேன் ஸ்கோப் (உருப்பெருக்கத்தை மாற்றினாலும் ரெட்டிக்கிள் கண்ணுக்கு அதே அளவில் தெரியும் வகை) என்றால், ரெட்டிக்கிளின் அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில் மட்டும்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். பாதிக்குக் குறைத்தால் ஒவ்வொரு கோடும் குறிக்கும் அளவு இரண்டு மடங்காகிவிடும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள், ஏனென்றால் எம்.ஓ.ஏ. என்று எழுதியிருப்பதெல்லாம் எம்.ஓ.ஏ. அல்ல. சிலவற்றில் 100 கெஜத்துக்குச் சரியாக 1 அங்குலம் என்ற உருட்டுக் கணக்கு இருக்கும். துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்துவிட்டு, ஸ்கோப்பை ஆடாமல் இறுக்கிப் பொருத்தி, சரியாக அளந்த 100 கெஜத்தில் அளவுநாடாவைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 30 எம்.ஓ.ஏ. திருகுங்கள். குறுக்குக்கோடு 31.4 அங்குலம் நகர்ந்தால் அசல், 30 என்றால் உருட்டுக் கணக்கு. 1000 கெஜத்தில் இந்த வித்தியாசம் 14 அங்குலத்துக்கு மேல். மில் ஸ்கோப்பில் 10 மில் திருகினால் 36 அங்குலம் வர வேண்டும். உருட்டுக் கணக்கு வந்தால் ஸ்கோப்பைத் தூக்கிப்போட வேண்டாம், தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் அலகை அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் போதும்.