போஸ்டர் தயார், கேம் இனித்தான்

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெடியன் ஒருவன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவன். போனில் ஒரு போஸ்டர்: மழை நனைத்த காலி வீதி (Galle Road), நடுவில் ஒரு ஓட்டோ, அதன் முன்விளக்கிலிருந்து பாயும் மஞ்சள் ஒளி. கீழே மூன்று வரிகள். பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு. தமிழ், சிங்களம், ஆங்கிலம். சித்திரைப் புத்தாண்டுக்கு வருகிறது.

"எப்பிடி அண்ணா?"

"போஸ்டர் வடிவா இருக்கு. கேம் எங்க?"

"இனித்தான் தொடங்கோணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2010 ஆகஸ்டில், அதே பரீட்சை முடிந்த கையோடு, கிட்டத்தட்ட அதே மூன்று வரிகளை நானும் எழுதினேன். கன்சோல், அதாவது கேம் விளையாடும் கருவி, மட்டும்தான் வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கன்சோல் கம்பெனியின் உரிமமோ அதன் அதிகாரபூர்வக் கருவிகளோ இல்லாமல், ஆர்வலர்கள் தாங்களே அந்தக் கன்சோலுக்கு எழுதும் மென்பொருளைத்தான் ஹோம்புரூ என்கிறோம். சோனியின் கைக்கன்சோலான வீட்டா 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. 2016இல் அதன் பூட்டைத் திறக்கும் வழி வெளியான பிறகு யார் வேண்டுமானாலும் அதற்கு எழுதலாம் என்றாகிவிட்டது. "நான் ஹோம்புரூ செய்கிறேன்" என்று இங்கே யாரிடமாவது சொன்னால் "அப்ப எனக்கு ஓசியில் கேம் ஏத்தித் தருவியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதும் கோடுக்கு (code), அதாவது நிரலுக்கு, பிரதி எடுத்து வையுங்கள், சின்னதாகத் தொடங்குங்கள் என்பதை எல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அறிவிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லோகோ

வேண்டாம். குழுவுக்குப் பெயரும் வேண்டாம்.

ஆள் சேர்ப்பது

அறிவித்தால் உதவிக்கு ஆட்கள் வருவார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. வருவார்கள்தான். எனக்கு ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் இசையமைப்பாளர்கள், ஒருவன் கதை எழுதுபவன், இன்னொருவனுக்குக் கேமைச் சோதித்துப் பார்க்க ஆசை. ஐந்தாமவன் 'மேனேஜர்'. சி என்ற நிரல் மொழியில் ஒரு வரி எழுதத் தெரிந்தவர் எவரும் இல்லை. அடுத்த இரண்டு மாதமும் மாலை நேரங்கள் ஐந்து பேருக்கும் வேலை கண்டுபிடிப்பதிலேயே போயின. கேமில் பாட்டுப் போடும் வசதியே இல்லாதபோது பதினொரு பாட்டு தயாராக இருந்தது.

செய்து பார்க்காத ஒன்றை அறிவிப்பில் எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் கன்சோல் நின்டெண்டோ டிஎஸ் லைட். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பாவித்ததாக வாங்கியது. இரண்டு திரைகள், ஒவ்வொன்றும் 256க்கு 192 பிக்சல், கீழ்த்திரை தொட்டு இயக்குவது. மொத்த நினைவகம் 4 மெகாபைட். என் கேம் 100ஆம் நம்பர் பஸ். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை வரை நீங்கள்தான் கொண்டக்டர். மேல்திரையில் பஸ்ஸின் உள்ளே சனம் நெருக்கும், கீழ்த்திரையில் காசை இழுத்து இழுத்து மிச்சம் கொடுக்க வேண்டும். பிழையாகக் கொடுத்தால் பயணி சண்டைக்கு வருவார், சரியாகக் கொடுத்தாலும் சிலர் வருவார்கள். யோசனையில் ஒரு குறையும் இல்லை, இப்போதும் சொல்வேன்.

அறிவிப்புக்குப் படம் வேண்டுமே. கணினியில் பஸ்ஸின் உட்புறத்தை வரைந்தேன். கொண்டக்டரின் வாயருகே ஒரு பேச்சுக் குமிழி. அதற்குள் பாமினி எழுத்துருவில் "முன்னுக்குப் போங்கோ" என்று தட்டினேன். அப்படியே ஒரே படமாகச் சேமித்து டிஎஸ்ஸில் காட்டுவதற்குப் பத்து வரிக் கோடு போதும். எமுலேட்டரில் (கணினிக்குள் டிஎஸ் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டி, திரையைப் பிடித்து, எல்லோருக்கும் அனுப்பினேன். கீழே எழுதினேன்: "மூன்று மொழிகளிலும் விளையாடலாம். உங்கள் பெயரை உங்கள் மொழியிலேயே எழுதலாம். தைப்பொங்கலுக்கு வெளியீடு."

அந்த இரண்டாவது வாக்கியம் எழுத அரை நிமிடம் ஆகியிருக்குமா? எனக்கு ஏழு மாதம் போனது அதில்தான்.

டிஎஸ்ஸுக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பாவிப்பது லிப்என்டிஎஸ் என்ற நூலகம், அதாவது முன்பே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. அதனுடன் வரும் எழுத்துரு ஆங்கிலத்துக்கு மட்டும்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் 8க்கு 8 பிக்சல் கட்டம், திரையில் 32 பத்தி, 24 வரி. 'ணை'யை அந்தக் கட்டத்துக்குள் அடைத்துப் பாருங்கள், நசுங்கிய கரப்பான்பூச்சி மாதிரி இருக்கும். சரி, அகலம் மாறும் எழுத்துருவை நானே வரைகிறேன் என்று இறங்கினேன். உகர வரிசையும் ஊகார வரிசையும் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும், எந்த ஒட்டுக் குறியாலும் அதைச் சமாளிக்க முடியாது, அதுவே 36 வடிவம். கிரந்த எழுத்துகளை விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் என் கேமின் பெயரிலேயே 'ஸ்' இருப்பது உறைத்தது.

எழுத்துகளை வரைந்து முடித்ததும் அடுத்தது வந்தது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் போக வேண்டும். கணினியில் இதை யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள், டிஎஸ்ஸில் எவரும் இல்லை. தமிழுக்கு எப்படியோ எழுதிவிட்டேன். சிங்களத்தில் யன்சய, ரகாரான்சய என்று கூட்டெழுத்துகள் வந்தன. நுகேகொடையில் இருந்த நண்பன் ஒருவன் சனிக்கிழமைகளில் வந்து, நான் வரைந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவான்.

அப்புறம் குமிழி. அகலம் 96 பிக்சல் என்று ஆங்கிலத்தை வைத்து முடிவுசெய்திருந்தேன். "முன்னுக்குப் போங்கோ" 120ஐத் தாண்டியது. குமிழியைப் பெருப்பித்தால் பயணிகளின் முகம் மறையும், எழுத்தைச் சிறுப்பித்தால் 'ன'வும் 'ள'வும் ஒன்றாகத் தெரியும்.

இதில் என்னை எரிச்சலூட்டுவது எழுத்துப் பிரச்சினை அல்ல. அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது, அதுவும் நான் அறிவிப்புப் படத்துக்காகவே செய்த அதே வழி. கொண்டக்டரும் பயணிகளும் சேர்ந்து மொத்தம் 40 வசனம்தான் பேசுகிறார்கள். அந்த 40ஐயும் கணினியிலேயே படங்களாகச் செய்து வைத்துவிட்டால் எழுத்துருவும் வேண்டாம், கொம்பை இடம் மாற்றவும் வேண்டாம். 128க்கு 16 பிக்சல், 16 நிறம் என்றால் ஒரு வசனத்துக்குச் சரியாக 1 கிலோபைட். மூன்று மொழிக்கும் 120 கிலோபைட். 4 மெகாபைட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஒரு சனி, ஞாயிறில் முடித்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை? "உங்கள் பெயரை உங்கள் மொழியிலேயே எழுதலாம்" என்று சொல்லிவிட்டேனே! விளையாடுபவர் தட்டும் பெயரை முன்கூட்டியே படமாக வைக்க முடியாது. அதற்கு எழுத்துரு வேண்டும், திரையில் தமிழ், சிங்கள விசைப்பலகை வேண்டும், எல்லாம் வேண்டும். அந்த வாக்கியம் இல்லாதிருந்தால் யாரும் பெயர் எழுதும் வசதியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கொண்டக்டருக்கு எதற்குப் பெயர்? "டேய்" என்றுதான் கூப்பிடப் போகிறார்கள்.

செய்துகொண்டிருக்கும்போது எந்த வசதியையும் சத்தமில்லாமல் தூக்கி எறியலாம், இன்னொன்றை வைக்கலாம். சொல்லிவிட்ட பிறகு எறிந்தால் அது 'ஏமாற்று' ஆகிவிடுகிறது, பதினெட்டு வயதில் அந்தச் சொல்லைத் தாங்க முடியாது. ஆக, கேமுக்கு எது தேவை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அறிவிப்பில் என்ன எழுதினேன் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். மிச்சம் கொடுக்கும் பகுதி, அதாவது உண்மையான கேம், அந்த ஏழு மாதத்தில் ஒரு அங்குலம் நகரவில்லை.

எமுலேட்டரில் எடுத்த படம்

ஒருவழியாக எமுலேட்டரில் தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்த இரவு, அதையும் படம் பிடித்து அனுப்பினேன். மறுநாள் காலை உண்மையான டிஎஸ்ஸில் போட்டால் குமிழி இருக்கிறது, உள்ளே வெறுமை. நான் திரை நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டாக எழுதிக்கொண்டிருந்தேன். டிஎஸ்ஸின் திரை நினைவகம் ஒரு பைட்டை (8 பிட்) மட்டும் எழுதினால் ஏற்காது, 16 பிட்டாவது சேர்த்து எழுத வேண்டும். என்னிடமிருந்த எமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு: டிஎஸ்ஸின் முக்கியச் செயலியான ஏஆர்எம்9 தன் தற்காலிக நினைவகத்தில் (கேஷ்) வைத்திருப்பதை, தரவை நகர்த்தும் டிஎம்ஏ பார்க்காது. கேஷைக் காலி செய்யாமல் படத்தை நகர்த்தினால் கன்சோலில் பழைய குப்பைதான் தெரியும், எமுலேட்டரில் அதுவும் பளிச்சென்று வரலாம்.

வெளியே காட்டும் எந்தப் படமும் கையிலிருக்கும் கன்சோலைப் போனால் எடுத்ததாக இருக்கட்டும். விரல் தெரிந்தால் இன்னும் நல்லது.

தேதி

பண்டிகைகளோடு தேதியைக் கட்டாதீர்கள். எனக்குத் தைப்பொங்கல் அன்று வீட்டுக்கு வந்த ஒவ்வொரு உறவினரும், பொங்கலை வாயில் வைத்துக்கொண்டே, "கேம் வந்திட்டுதோ?" என்றார்கள். சொந்தமாக ஒரு கன்சோலைத் தொட்டுப் பார்த்திராத பெரியம்மா உட்பட. அந்த 2011இல்தான், 1997இல் அறிவிக்கப்பட்ட டியூக் நியூகெம் ஃபாரெவர் கடைசியில் வெளியானது. 14 வருடம், சம்பளம் வாங்கும் ஆட்கள், பெரிய கம்பெனிகள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது

கேம் எங்கே என்று கேட்டவர்களுக்கு நானும் இதைத்தான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

பிறகு எப்போதுதான் சொல்வது?

உங்களைத் தெரியாத ஒருவர், தன் கன்சோலில், நீங்கள் பக்கத்தில் நின்று விளக்காமல் பத்து நிமிடம் விளையாடிய பிறகு. அதுவரை இரண்டு பேருக்குச் சொல்லலாம்: ஒருவர் கோடு எழுதத் தெரிந்தவர், மற்றவர் உங்களைப் புகழாதவர். எனக்கு இரண்டாவது ஆள் என் தங்கை.

சொல்லும்போதும் ஓடும் கோப்பையே கொடுங்கள். அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "விரைவில்", "அடுத்த பதிப்பில்" போன்ற சொற்கள் வந்தால் அந்த வரியை அழித்துவிடுங்கள். சத்தமில்லாமல் வேலை செய்தால் உற்சாகம் வடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கைதட்டல் இல்லாமல் இரண்டு மாதம் ஓடாத உற்சாகம், கைதட்டல் கிடைத்தால் மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அறிவிப்புப் படத்துக்கு எழுபது பேர் லைக் போட்ட இரவு, கேமே முடிந்துவிட்டது போல நிம்மதியாகத் தூங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

100ஆம் நம்பர் பஸ் 2012இல் வந்தது. ஒரு வசனமும் இல்லை. காசு, இலக்கங்கள், முறைத்துப் பார்க்கும் பயணிகளின் முகங்கள், அவ்வளவுதான். 19 நாளில் முடிந்தது. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தங்கை தெஹிவளை தாண்டுவதற்குள் மூன்று முறை சண்டை வாங்கினாள்.

வெள்ளவத்தைப் பெடியனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த வயதில் ஏறாது. ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பி, வேறொண்டும் வேண்டாம். 'வெள்ளவத்தை' எண்டு வீட்டா திரையில் எழுதிக் காட்டு." சின்ன வேலைதானே என்ற முகத்தோடு போனான். வீட்டாவின் திரை 960க்கு 544 பிக்சல், நினைவகம் 512 மெகாபைட், என் டிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் மாளிகை. எழுத்துருக் கோப்பை அப்படியே ஏற்றலாம், ஃப்ரீடைப் என்ற நூலகம் ஒவ்வொரு வடிவத்தையும் அழகாக வரைந்து தரும். வரைந்து மட்டும்தான் தரும். எது முன்னால், எது பின்னால் என்று அடுக்குவதற்கு ஹார்ஃப்பஸ் மாதிரி வேறொரு நூலகம் வேண்டும்.

இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கன்சோல், ஓரத்தில் அவனுடைய பெருவிரல், திரையில் பெரிய வெள்ளை எழுத்துகள். முதல் 'வ' தனியே நிற்க, அதன் கொம்பு அதற்கு அடுத்த பக்கம் போய் நின்றது. கடைசி 'த'வுக்கும் அப்படியே.

"அண்ணா, கொம்பு ஏன் பின்னால நிக்குது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு: "இதுக்கு எவ்வளவு நாள் எடுக்கும்?"

போஸ்டரில் சித்திரைப் புத்தாண்டு என்று போட்டிருக்கிறான். இப்போது மாசி. சிங்களத்தை இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.