இன்டர்லூகின்-6 செல்லில் ஒட்டும் விதம்: பென்சிலால் வரைந்தே புரிந்துகொள்ளலாம்

காய்ச்சல் விடாமல் அடித்தால் டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் சி.ஆர்.பி.யும் ஒன்று; கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளப்பது அது. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லிக் கல்லீரலுக்குத் தகவல் கொண்டுபோவது இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு புரதம். இதன் மரபணுவை 1986-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் பிரித்தெடுத்தார்கள். பள்ளியில் படித்த 'பூட்டும் சாவியும்' உவமை இதற்குப் போதாது. இங்கே பூட்டே இரண்டு.

படி 1: தாளின் குறுக்கே இரண்டு கோடு போடுங்கள். அதுதான் செல் சவ்வு. மேலே வெளிப்புறம், கீழே உள்புறம்.

படி 2: சவ்வைத் துளைத்து நிற்கும்படி நீலத்தில் ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் தகவலைப் பிடிக்கும் புரதம், வரையுங்கள். உள்ளே அதன் வால் குட்டையாக இருக்கட்டும். இதுவே இன்டர்லூகின்-6 ஏற்பி; முக்கியமாகக் கல்லீரல் செல்களிலும் சில வெள்ளணுக்களிலும் இருக்கும். பக்கத்தில் சிவப்பில் ஜிபி130 என்ற இரண்டாவது ஏற்பிப் புரதம். இதற்கு உள்ளே நீண்ட வால், அந்த வாலில் ஜாக் என்ற நொதி. ஜிபி130 ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு.

படி 3: நான்கு பென்சில்களைச் சேர்த்துக் கட்டியதுபோல நான்கு சுருள்கள் வரையுங்கள். இதுதான் இன்டர்லூகின்-6. அதன்மேல் 1, 2, 3 என மூன்று இடங்களைக் குறியுங்கள்.

படி 4: இங்கே அவசரப்படாதீர்கள், வரிசைதான் முக்கியம். முதலில் 1-ஆம் இடம் நீலத்தில் ஒட்டுகிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள், ஹைட்ரஜன் பிணைப்புகள், தண்ணீரை விலக்கும் பரப்புகள் ஆகியவைதான் பிடித்து வைக்கின்றன. அதனால் கழன்றுபோகவும் முடியும். தனி இன்டர்லூகின்-6 சிவப்பில் ஒட்டாது. நீலத்தோடு சேர்ந்த பிறகு உருவாகும் பரப்பில்தான், 2-ஆம் இடத்தில், சிவப்பு வந்து பிடிக்கும். இப்படி இரண்டு மூவர் கூட்டங்களை 3-ஆம் இடம் இணைக்கிறது. மொத்தம் ஆறு புரதங்கள். இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் படிகவியல் 2003-இல் காட்டியது. பிடிப்பது நீலம், பேசுவது சிவப்பு என்று படத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

படி 5: சிவப்பு வால்கள் நெருங்கியதும் ஜாக் நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, வால்களில் பாஸ்பேட் ஒட்டுகின்றன. அங்கே வரும் ஸ்டாட்3 புரதமும் பாஸ்பேட் பெற்று, ஜோடி சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது. சி.ஆர்.பி. மரபணு விழிக்கிறது.

இப்போது ஒரு பயிற்சி. முடக்குவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப் மருந்து நீல ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் படத்தில் வரைந்து, படி 4-ஐத் திரும்பச் செய்து பாருங்கள். 1-ஆம் இடத்துக்கு வழியில்லை, சிவப்பு வரவில்லை. இந்த மருந்து எடுப்பவருக்குக் கிருமித்தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கக்கூடும். அவர்களுக்கு அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி டாக்டர்கள் முடிவெடுக்காதது இதனால்தான்.