புது பிசி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? பாகத்தை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, நாமே திருகு முடுக்கி, முதல் தடவை பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றும்போது வரும் சந்தோஷம், இரண்டாம் நாள் ஏதோ வேலையில் இருக்கும்போது திரை சட்டென்று கறுத்து மதர்போர்டு லோகோ மறுபடி வந்து நிற்கும் அந்த நொடியில் வடிந்துபோகும். உடனே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும், மாத்திடு." எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் கரண்டை மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. சில நேரம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் மாற்றியும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை என்றால் அடுத்து ராம், அப்புறம் போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். நான் அப்படிப் போய் பட்டவன். அதனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, மிஷினை அணைத்தது யார் என்பதைத்தான்: விண்டோஸா, பிராசசரா, இல்லை இருவருக்கும் தெரியாமல் கரண்ட் போனதா.

விண்டோஸில் ப்ளூ ஸ்கிரீன் வந்தால், நாம் படிப்பதற்குள் அதுவே ரீஸ்டார்ட் செய்துவிடும். முதலில் அதை நிறுத்துங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் உள்ள செட்டிங்ஸை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை நீலத் திரை வந்து அப்படியே நின்றால் பாதி வேலை முடிந்தது, அதில் உள்ள கோடைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கை எடுத்த பிறகும் எந்தத் திரையும் வராமல் நேராக லோகோவுக்குப் போனால், அது விண்டோஸ் எடுத்த முடிவு இல்லை.

அடுத்து ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக். 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்'. அங்கே சிவப்பாக 'கெர்னல்-பவர் 41' இருக்கும், அதைப் பார்த்ததும் 'பவர் என்று போட்டிருக்கிறதே, அப்போ எஸ்எம்பிஎஸ்தான்' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். தப்பு. இந்த 41 அடுத்த தடவை மிஷின் எழுந்த பிறகு எழுதப்படுவது. காலையில் வந்த வாட்ச்மேன் 'ராத்திரி கதவு திறந்து கிடந்தது' என்று சொல்கிற மாதிரி. யார் திறந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. உபயோகமான விஷயம் அதன் 'டீட்டெய்ல்ஸ்' தாவலில் இருக்கிறது. அங்கே 'பக்செக் கோட்' 0 என்று இருந்தால், எதையும் எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம், கரண்ட் அறுந்தது அல்லது ரீசெட் ஆனது. வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன். இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு: இந்த எண் சாதாரண தசம எண், இணையத்தில் எல்லோரும் எழுதுவது ஹெக்ஸ். 292 என்று இருந்தால் ஹெக்ஸில் 124, அதாவது ஹார்டுவேர் பிழை. 278 என்றால் 116, கிராஃபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. மற்றவற்றுக்கு விண்டோஸ் கால்குலேட்டரை ப்ரோகிராமர் மோடில் போட்டால் அதுவே மாற்றித் தரும்.

அதே பட்டியலில் 1074 என்ற எண் ரீஸ்டார்ட் நேரத்தோடு ஒத்துப்போனால் சிரித்துவிட்டு விடுங்கள், அது அப்டேட்டோ ஏதோ ஒரு புரோகிராமோ முறையாகக் கேட்டு நடந்த ரீஸ்டார்ட். 'வியா-லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 18 இருந்தால் மட்டும் உட்கார்ந்து படியுங்கள், பிராசசரே 'எனக்குள் தப்பு நடந்தது' என்று புகார் கொடுத்திருக்கிறது. அதில் ஏபிக் ஐடி (APIC ID) என்று ஒரு எண் இருக்கும், பிராசசருக்குள் எந்தக் கோர் என்பதைக் காட்டுவது அது. ஒவ்வொரு தடவையும் அதே எண் வந்தால் ஒரு குறிப்பிட்ட கோர் மீது சந்தேகம் வலுக்கும். எண் மாறி மாறி வந்தால் வோல்டேஜ், ராம் செட்டிங் பக்கம் முதலில் பாருங்கள்.

லினக்ஸ்காரர்கள் முந்தைய பூட்டின் ஜர்னலை (அங்கே லாக் அதுதான்) திறந்து கடைசி வரிகளைப் பார்த்தால் போதும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாதியில் நின்றிருந்தால் மேலே சொன்ன 0 கதைதான்.

லாக் பார்த்தாயிற்று, இனி கையை வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்து. கேம் லோடு ஆகும்போதா, சும்மா இருக்கும்போதா, வீடியோ பார்க்கும்போதா? நான்கைந்து வரி சேர்ந்ததும் தாளே பேச ஆரம்பிக்கும்.

முதல் மாற்றம் பைசா செலவில்லாதது: பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) போய் டீஃபால்ட் செட்டிங்ஸை லோடு செய்து சேவ் செய்யுங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற ராம் புரொஃபைல் இதில் அணைந்துவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. ராம் பெட்டியில் 6000 என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும் அது அந்தப் புரொஃபைலைப் போட்டால் கிடைக்கிற வேகம், அதாவது ஓவர்க்ளாக், வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. போடாவிட்டால் டிடிஆர்5 ராம் பெரும்பாலும் 4800 போன்ற வேகத்தில் அடக்கமாக ஓடும். புது பிசி ரீஸ்டார்ட் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், எஸ்எம்பிஎஸ்ஸை அல்ல. நான்கு ராம் போட்டிருந்தால் இரண்டை எடுத்துவிடுங்கள், நான்கையும் முழு வேகத்தில் ஓட்டுவது பிராசசரில் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குப் பெரிய சுமை. இரண்டுதான் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் இருக்க வேண்டும்; போர்டு மேனுவலில் படத்தோடு போட்டிருப்பார்கள். 'கர்வ் ஆப்டிமைசர்' அது இது என்று வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தால் அதுவும் டீஃபால்ட்டுக்கே போகட்டும். குறைத்த வோல்டேஜ் லோடில் (கனமான வேலையில்) தாங்கும், சும்மா இருக்கும்போது கவிழும், அந்த வேடிக்கையும் உண்டு.

இதில் ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ யூஎஸ்பியில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், முதலில் டீஃபால்ட் வேகத்தில், பிறகு புரொஃபைலைப் போட்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒண்ணுதானே' என்று விடக்கூடாது. டீஃபால்ட்டிலேயே பிழை வந்தால் ஒவ்வொரு ராமாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். புரொஃபைலில் மட்டும் வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கி, 6000-க்குப் பதில் 5600 என்று வைத்துப் பாருங்கள்.

பயாஸ் அப்டேட்டும் இந்தக் கட்டத்தில்தான். புது பிராசசர்களில் ராம் தகராறு நிறைய இதிலேயே சரியாகும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகிற மிஷினில் சாதாரண முறையில் பயாஸை எழுதப் போகாதீர்கள், நடுவில் அணைந்தால் போர்டே போகும். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசர் இல்லாமலே யூஎஸ்பி வழியாக எழுதலாம். அப்டேட் முடிந்த முதல் பூட்டில் டிடிஆர்5 போர்டுகள் ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். பயந்து பட்டனை அழுத்தாமல் பொறுமையாக இருங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அப்டேட் கட்டாயம். சில மாடல்களில் அதிக வோல்டேஜ் போய் பிராசசர் நிலைகுலைவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தமும் கூடுதலாக 2 ஆண்டு வாரண்டியும் கொடுத்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

ஏஎம்டியின் ரைசன் பிராசசர் போட்ட பிசி, லோடில் நன்றாக ஓடி சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்று தேடி 'டிபிக்கல் கரண்ட் ஐடில்' என்று மாற்றிப் பாருங்கள். மிகக் குறைந்த கரண்ட் இழுக்கும்போது தடுமாறும் எஸ்எம்பிஎஸ்களுக்கு இது மருந்து.

சரி, இப்போது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். லாகில் 0, கேமில் மட்டும் ஆகிறது, வியா எதுவும் இல்லை என்றால் இதன் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. முற்றிலும் அணைந்து, பின்னால் உள்ள சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் எழுகிறது என்றால் பெரும்பாலும் அதன் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது. அணைந்து தானே எழுந்தால், வோல்டேஜ் ஒரு நொடிக்குள் சரிந்து எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 'பவர் குட்' சிக்னல் விழுந்து போர்டு ரீசெட் ஆகியிருக்கலாம். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் மைக்ரோ நொடிக் கணக்கில் தங்கள் அளவைத் தாண்டி கரண்டை இழுக்கும். அதனால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவில் 200 சதவீதத்தை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது. மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் லைனில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்டுகிறதா என்று பார்க்கலாம், ஆனால் மைக்ரோ நொடிச் சரிவு மீட்டரில் தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டை வாட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்று கொடுக்காதீர்கள், அது ஒரே சீராக இழுக்கும், கேம்தான் ஏறி இறங்கி இழுக்கும். அதற்குப் பதில் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து அதே கேமை ஆடுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் பவர் பக்கம்தான் விஷயம்.

அப்போதும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8-பின் ஒவ்வொன்றும் 150 வாட், கார்டு உட்காரும் ஸ்லாட் 75 வாட் என்பது கணக்கு. கார்டில் இரண்டு 8-பின் இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலைப் போடாமல் தனித்தனி கேபிள் போடுங்கள். 24-பின்னும் பிராசசருக்கான 8-பின்னும் 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கனெக்டர் பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும், டிஸ்க்கோ போர்டோ கருகும். எக்ஸ்டென்ஷன், யூபிஎஸ் எல்லாவற்றையும் விட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

வெப்பம் பற்றிச் சுருக்கமாக: இன்றைய பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதையும் மீறினால் அணைந்துவிடும், சும்மா ரீஸ்டார்ட் ஆவது அபூர்வம். ரைசன் 7000 லோடில் 95 டிகிரி தொடுவது அதன் வடிவமைப்பே. கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்தீர்களா என்று மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி என் கதை. லாகில் எப்போதும் 0. மெம்டெஸ்ட் பாஸ். நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் போட்டும் அதே கதை. தாளில் எழுதி வைத்ததைப் படித்தபோதுதான், மூன்று வரியில் 'ஹெட்போன் சொருகினேன்' என்று இருந்தது கண்ணில் பட்டது. கேபினட்டின் முன்பக்கம் விரலால் மெல்லத் தட்டினேன், திரை கறுத்தது. ரீசெட் பட்டன் ஒரு பக்கம் சாய்ந்து, பேனலின் விளிம்பில் மாட்டிக்கொண்டு, லேசாக அசைந்தாலே உள்ளே தொட்டுக்கொண்டிருந்தது. போர்டின் கீழ் மூலையில் இரண்டு பின்னில் சொருகியிருக்கும் அந்த ரீசெட் வயரைப் பிடுங்கிப் போட்டேன், அத்தோடு நின்றது. அரை நிமிட வேலை. இப்போது யார் கேட்டாலும் பயாஸ் டீஃபால்ட்டுக்கு அடுத்து நான் சொல்வது இதைத்தான், அந்த பட்டன் இல்லாமலே பிசி நன்றாக ஓடும்.

இதுவும் இல்லையென்றால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, கூலரோடு பிராசசர், ஒரு ராம், டிஸ்ப்ளே மட்டும் போட்டு ஓட்டுங்கள். வெளியே ஒழுங்காக ஓடினால், கேபினட்டுக்குள் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) நின்று போர்டின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். வெளியேயும் ரீஸ்டார்ட் ஆனால் மிச்சம் இருப்பது போர்டும் பிராசசரும்தான்; அப்போது தாளையும் லாக் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்குப் போங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்? இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஆகிக்கொண்டிருந்தது என்றால், ஒரு வாரமாவது ஒரு தடவைகூட ஆகாமல் ஓட வேண்டும். அதற்கு அப்புறம்தான் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடுவது, அதற்கு ஒரு வாரம் கழித்து மற்ற இரண்டு ராம்.