காய்கறிக் கடையைப் படமெடுப்போம், நிறம் கெடாமல்

ஒரே குடும்பம் நடத்தும் சின்னக் காய்கறிக் கடை எதைக் கண்டாலும் நான் நின்றுவிடுவேன். எதை எதன் பக்கத்தில் வைத்தால் எடுபடும் என்று பார்த்துப் பார்த்து அடுக்கியிருப்பார்கள். வியாபாரம் சூடு பிடித்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அதைப் படமாக்க விலை உயர்ந்த கேமரா வேண்டாம், கையிலுள்ள மொபைலே போதும்.

படி 1: முதலில் பேச்சு

கேமராவை வெளியே எடுக்காமல் போய், ஏதாவது வாங்கிவிட்டுக் கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். சரக்கு இறக்கி அடுக்கி முடிக்கும் நேரம் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். படத்துக்கு அதுதான் பொன்னான நேரம். வாங்க வந்தவர் முகம் தெரிந்தால் அவரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

படி 2: தலைக்கு மேலே பாருங்கள்

புதிதாக எடுப்பவர்கள் காய்களை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கூரையை. மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால், எவ்வளவு பழுத்த தக்காளியும் படத்தில் கருத்துச் சோர்ந்து தெரியும். சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். நீலத் துணி வழியே வரும் வெளிச்சத்தில் சிவப்பு மிகக் குறைவு. சிவப்புத் துணியின் கீழ் தக்காளி ஜொலிக்கும், ஆனால் கீரை வாடியதுபோல் ஆகிவிடும். இதைப் பிறகு கணினியில் முழுவதுமாகச் சரிசெய்ய முடியாது. கடைக்காரர் சம்மதித்தால் கூடையைத் திறந்த வானம் தெரியும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை ஒரு வெள்ளை அட்டையால் காய்கள் மேல் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது கலப்பு வெளிச்சம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மஞ்சள் பல்பு ஏறத்தாழ 2,700 கெல்வின், பகல் வெளிச்சம் 5,500 கெல்வின். இரண்டும் ஒரே கூடை மேல் விழுந்தால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும். இரண்டு நிமிடம் பல்பை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் காய்கள் மேல் வைத்து ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பை) அமைத்துக்கொள்ளுங்கள்.

டியூப்லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டரை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள், கோடு மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காயின் பளபளப்பு வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும்.

படி 3: கடை முழுவதும்

கடைக்கு எதிரே, தெருவின் மறுபக்கம் போய் நில்லுங்கள். பக்கத்தில் நின்று மொபைலை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். விலகி நின்று 2 மடங்கு லென்ஸில், மொபைலை நேராகப் பிடித்து எடுங்கள். கேமரா என்றால் லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/8 என்று வைத்தால் பெயர்ப்பலகையும் உள்ளே இருக்கும் கூடைகளும் தெளிவாக வரும். சூரியன் மறைந்தபின் வானம் கருநீலமாக இருக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடை விளக்கும் வானமும் அப்போதுதான் சமமாக இருக்கும்.

படி 4: காய்களும் கைகளும்

லென்ஸைத் துடையுங்கள். நேர் மேலிருந்து எடுத்தால் அடுக்கின் ஒழுங்கு தெரியும். கூடை மட்டத்துக்குக் குனிந்தால் காயின் உருண்டை வடிவம் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் தோலின் சொரசொரப்பும் வரும். கத்திரிக்காய் போன்ற கரும்பொருள் திரையை நிறைத்தால் கேமரா எல்லாவற்றையும் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும், படம் வெளிறும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறையுங்கள்.

அழகான காய்களாகப் பொறுக்கி அடுக்கித் தரச் சொல்லாதீர்கள். மண் ஒட்டிய கிழங்கும் கோணல் கேரட்டும் இருக்கட்டும், அவைதான் அன்று வந்த சரக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது கைகள். தராசில் இன்னொரு காயைப் போட்டு எடை சரிபார்க்கும் கை, கீரைக்கட்டின் வேரை உதறும் கை. 1/250 நொடி ஷட்டரில் தொடர்ந்து ஐந்தாறு படங்கள் எடுத்தால் ஒன்று நிச்சயம் அமையும்.

படி 5: கொடுப்பதற்கு முன்

விலைப்பலகை தெரியும் படங்களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அந்த விலை நாளைக்கே மாறலாம். பழைய விலையைக் காட்டிக் கேட்க வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். நிறத்தைத் திருத்தும்போது சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) கூட்டாதீர்கள். எடுத்த அன்று வாங்கிய ஒரு தக்காளியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல படங்களில் இரண்டை அச்சிட்டு, எங்கும் பதிவேற்றும் முன்பே கடைக்காரர் கையில் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் படத்தை அழித்துவிடுங்கள்.