ஏஜென்ட் இல்லாமல் வெளிநாடு: காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நானும் என் மச்சானும் மலேசியா போய்விட்டு வந்ததிலிருந்து, "எந்த ஏஜென்ட்ல போனீங்க?" என்று டீக்கடையில் யாராவது கேட்காத வாரம் இல்லை. ஏஜென்ட் யாரும் இல்லை. டிக்கெட், ரூம் எல்லாம் போனிலேயே போட்டதுதான். மச்சான் எட்டாவதோடு படிப்பை விட்டவர், பாலக்கோட்டிலிருந்து கோலார் வரைக்கும் தக்காளி லோடு ஓட்டுகிறவர், அவரே சமாளித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அங்கே போய் நாங்கள் பெரிதாகத் திண்டாடவில்லை. திண்டாட்டமெல்லாம் இங்கே, பாஸ்போர்ட் பெயரிலும் ஓசூர் ரோட்டிலும்தான். அதனால் இதில் பாதிக்கு மேல் ஊரில் உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலைகளாக இருக்கும்.

முதலில் பெயர். நமக்கு இன்ஷியல்தான் வழக்கம், பாஸ்போர்ட்டில் இன்ஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டம் வரும். நம் ஆட்கள் பலர் சர்நேமைக் காலியாக விட்டுவிட்டு, டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் தாண்ட முடியாமல் முழிப்பார்கள். ஒரே சொல் பெயருள்ள பாஸ்போர்ட்டைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள்தான் அதிகம் பதறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரைச் சர்நேமில் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. ஏற்கெனவே எடுத்தவர்கள் புதுப்பிக்கும்போது பிரித்துக்கொள்ளலாம். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே கட்டலாம். அதைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், உஷார்.

இரண்டாவது, நம் பக்கத்தில் யாரும் சொல்லித்தராத இசிஆர் விஷயம் (வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு). பத்தாவது தேறாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் இந்த முத்திரை விழும். இதைப் பார்த்துவிட்டு "உன்னால வெளிநாடே போக முடியாது" என்று மச்சானை ஒரு ஏஜென்ட் பயமுறுத்தி, 'கிளியர் செய்து தர' தனியாகப் பணம் கேட்டார். தேவையே இல்லை. அந்தக் கட்டுப்பாடு வளைகுடா, மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். சுற்றிப்பார்க்கப் போகிறவர் ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினால் போதும். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்களா? 50 வயது தாண்டியவர்களுக்குப் பள்ளிக்கூடமே போகாவிட்டாலும் இசிஆர் கிடையாது. பெங்களூர் இமிகிரேஷனில் மச்சானிடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டார்கள்: எங்கே போகிறாய், எத்தனை நாள், யார் கூட, ரூம் எங்கே. அவர் கோலார் மண்டிக் கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டே, பிரிண்ட் போட்டு வைத்திருந்த ரூம் புக்கிங்கையும் திரும்பும் டிக்கெட்டையும் நீட்டினார், முத்திரை குத்திவிட்டார்கள். போனில் இருக்கிறது என்று சொல்லி அந்த நேரத்தில் சார்ஜ் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? காகிதமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு நான் மலேசியாவைத்தான் சொல்வேன். பெங்களூரிலிருந்து சுமார் 4 மணி நேரம்தான். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் விசா இல்லாமல் விடுகிறார்கள் (விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், டிக்கெட் போடும் அன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்), இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது இலவசம். வழி கேட்கத் தமிழே பல இடங்களில் போதும். பத்துமலை முருகனைப் பார்க்க டாக்ஸி பிடிக்காதீர்கள், கேஎல் சென்ட்ரலிலிருந்து ரயில் கோயில் வாசலுக்கே போகிறது. 272 படி, காலையிலேயே ஏறிவிடுங்கள். பல நாடுகளுக்குப் பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் விமான நிலையம். பெங்களூர்தானே, 90 கிலோமீட்டர்தானே என்று கிருஷ்ணகிரிக்காரர்கள் நினைப்பார்கள். அந்தக் கணக்கு ஊருக்குள் வரைக்கும்தான். விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரத்துக்கு அந்தப் பக்கம். அத்திப்பள்ளியில் நுழைந்து சில்க் போர்டில் மாட்டி ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். முதல் தடவை நான் சாயங்காலம் 6 மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, ராத்திரி விமானத்துக்குக் கடைசி ஆளாய் ஓடினேன், அன்றைக்கு வேர்த்த வேர்வை இன்னும் காயவில்லை. இப்போது என் கணக்கு இதுதான்: விமானம் ராத்திரி 11 மணி என்றால் கிருஷ்ணகிரியை மதியம் 1 மணிக்கே விட்டுவிடுவேன், எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ், அங்கே போய் 2 மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலும் பரவாயில்லை. காரில் போகிறவர்கள் ஓசூரிலிருந்து மாலூர், ஹொஸ்கோட்டே வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழையாமலே தேவனஹள்ளி போய்விடலாம். வெளிநாட்டு விமானங்கள் டெர்மினல் 2, பஸ் டிரைவரிடம் அதைச் சொல்லி இறங்குங்கள். சென்னையையும் ஒருமுறை விலை பாருங்கள். கொழும்பு, கோலாலம்பூர் எல்லாம் அங்கிருந்து சில நாள் நன்றாகக் குறையும், மீனம்பாக்கத்தில் மெட்ரோவும் இருக்கிறது.

பணம். கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள், இதை மறந்துவிட்டுப் போய் ஏடிஎம் முன்னால் நிற்பவர்கள் நிறைய. கடையிலோ ஏடிஎம்மிலோ 'ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளவா?' என்று மெஷின் அன்பாகக் கேட்கும், வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நம் தலையில் கட்டிவிடுவார்கள். ஓடிபி வர நம் ஊர் சிம்மில் ரோமிங் திறந்திருக்க வேண்டும், டேட்டாவுக்கு அங்கே ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாம். வியட்நாமுக்குத் தனியாகப் போனபோது நடந்ததையும் சொல்கிறேன். அங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். ஒரு இளநீருக்கு நான் பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட, அந்தப் பாட்டி பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். நம் பணத்தில் 1500 ரூபாய்க்கு மேல்! அன்றிலிருந்து பெரிய நோட்டு தனிப் பை. ஒருமுறை மட்டும் நுழைவதற்கான வியட்நாம் இ-விசா அரசுத் தளத்தில் 25 டாலர், அதற்கு மேல் கேட்டால் நீங்கள் வேறு எங்கேயோ இருக்கிறீர்கள். சைவக்காரர்கள் 'சாய்' (அங்கே சைவம் என்று அர்த்தம்) என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

மூட்டை கட்டுவது பற்றி அதிகம் இல்லை. எங்கள் ஊர் நிப்பட்டு ஒரு வாரம் தாங்கும், எடுத்துப் போங்கள். ஊறுகாய் கைப்பையில் வேண்டாம், கொப்பரை லக்கேஜில் போட விட மாட்டார்கள், பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். வீட்டில் அரைத்த மசாலாத்தூளில் கசகசா இருந்தால் துபாய், சவூதி, சிங்கப்பூர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கு. அம்மா பாசமாய்ப் பொட்டலம் கட்டும்போது கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் விமானம் நடுராத்திரியில் இறங்கினால் அவசரப்பட்டு டாக்ஸிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். வெளியே வந்து ஒரு காபி குடித்து உட்கார்ந்து, விடிகாலை பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி வந்தால் அங்கிருந்து நம் ஊர்ப் பஸ் வரிசையாக வரும். மச்சான் அன்று அத்திப்பள்ளி தாண்டும் முன்பே தூங்கிவிட்டார், கிருஷ்ணகிரி டோல்கேட்டில் எழுப்பினேன், எழுந்ததும் "மாமா, ஸ்டாம்ப் அடிச்ச பக்கத்த இன்னொரு தடவ காட்டுங்க" என்றார்.