துருக்கி டார்க் ரொமான்ஸ் படிக்கும்போது பண்ணக் கூடாத தப்புங்க

துருக்கியில இப்போ வர்ற டார்க் ரொமான்ஸ், அதாவது பயமும் ஆபத்தும் கலந்த காதல் சஸ்பென்ஸ் கதைங்கள பத்தி பேச்செடுத்தாலே "ஓ, மாஃபியா ஹீரோ, கடத்தல், அதானே"ன்னு கேக்குறாங்க, முதல் தப்பே இதுதான். அந்த ஊர்ல தீராத காதல் நோய்க்கு காரா செவ்தான்னு ஒரு பேர் இருக்கு, காரான்னா கருப்பு, செவ்தாவும் கருப்புன்னு அர்த்தம் வர்ற அரபுச் சொல்லுலேருந்து வந்ததுதான், பழைய வைத்தியத்துல மனசை வாட்டுற கரும்பித்தத்துக்கு அந்தப் பேரு. காதலுக்கான சொல்லுலயே ரெண்டு தடவை இருட்டு இருக்கு பாருங்க! இதே பேர்ல 2015ல ஆரம்பிச்ச டிவி சீரியல் 2017ல இன்டர்நேஷனல் எம்மிங்கற டிவி விருதை வாங்குச்சு.

இதைப் படிக்கிற பொண்ணுங்களுக்கு முரட்டு ஆம்பளைதான் பிடிக்கும்னு சொல்றதும் தப்பு. பெண்கள் மேல நடக்குற வன்முறையைத் தடுக்குற இஸ்தான்புல் ஒப்பந்தத்துக்கு 2012ல முதல்ல ஒப்புதல் குடுத்த நாடு துருக்கி, 2021ல அதுலேருந்து வெளிய வந்துடுச்சு, பொண்ணுங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க. நிஜத்துல பயம்னா என்னன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், கதையில வர்ற பயத்தை வேணாம்னா மூடி வெச்சுடலாம். ஆனா ஹீரோ அவ போனை நோண்டுறதையும் ரூம்ல பூட்டி வெக்கிறதையும் கதையே பாசம்னு சொன்னா நீங்களும் அப்படியே எடுத்துக்காதீங்க, எனக்கு அங்க கோவம்தான் வரும்.

எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்குறது, இங்கிலீஷ்ல படிச்சுட்டு "சஸ்பென்ஸே இல்லையே"ங்கறது. துருக்கி மொழியில கெல்தின்னா வந்தான், கெல்மிஷ்னா வந்தானாம், நம்ம 'வந்தானாம்'ல கடைசியில வர்ற 'ஆம்' மாதிரியே, சொல்றவங்க நேர்ல பாக்கலைன்னு வினைச்சொல்லே காட்டிடும், இங்கிலீஷ்ல ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணாயிடும். அதே மாதிரி அவன், அவ, அது மூணுக்கும் ஒரே சொல்லுதான், "ஒ". ராத்திரி கதவுக்கு வெளிய "ஒ" நிக்குதுன்னு எழுதிட்டா ஆணா பொண்ணான்னு தெரியாமயே பல பக்கம் ஓட்டலாம், தமிழ்ல எழுதுறவங்க 'யாரோ நிக்கிறாங்க'ன்னு சமாளிச்சாத்தான் உண்டு, நிக்கிறான்னு போட்டா கதை அங்கயே போச்சு.

அப்புறம் சிஸ், சென். நம்ம நீங்க, நீ மாதிரிதான். மிரட்டும்போது கூட மரியாதையா "சிஸ்"ஸுன்னே பேசிட்டு இருந்தவன், அவ கையில கட்டுப் போட்டுவிடும்போது திடீர்னு "சென்"னுக்கு மாறுறான்னு வெச்சுக்கோங்க, அவனுக்கு உரிமை வந்துடுச்சா இல்ல மரியாதை போயிடுச்சான்னு அவளுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. அந்த மாதிரி வரி வந்தா தயவுசெஞ்சு வேகமா தாண்டிப் போயிடாதீங்க.